புதுச்சேரி, கடலூர் காற்றில் இலையிலிருந்து சக்குலென்ட் வளர்ப்பு: முழுமையான வழிகாட்டி

சக்குலென்ட் எனப்படும், தடித்த இலையில் நீரைச் சேமிக்கும் செடியின் இலையைப் பிய்த்து மண் மேல் வை, தினமும் தண்ணீர் தெளி, ஒரு மாதத்தில் குட்டி வந்துவிடும். பெரும்பாலான வீடியோக்களில் சொல்வது இதுதான். பெங்களூரிலோ ஊட்டியிலோ இப்படிச் செய்தால் வரலாம். புதுச்சேரியிலும் கடலூரிலும் இதை அப்படியே செய்தால் பத்து நாளில் ட்ரே முழுக்க மஞ்சளித்துக் குழைந்த இலைகள்தான் மிஞ்சும். இந்தக் கடற்கரையில் காற்றிலேயே போதுமான ஈரம் இருக்கிறது. வேர் விடாத இலைக்கு அதற்கு மேல் ஒரு துளியும் தேவையில்லை. எந்த மாதத்தில் வைக்கிறோம், காற்று எப்படி ஓடுகிறது, தண்ணீரை எப்போது நிறுத்துகிறோம் என்ற மூன்றும் சரியாக இருந்தால் மீதியை இலையே பார்த்துக்கொள்ளும்.

தை மாதத்தில் தொடங்குங்கள்

காய்கறிக்கு ஆடிப்பட்டம் என்றால் சக்குலென்ட் இலைக்கு நம் ஊரில் தைப்பட்டம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, இரவுச் சூடு 21, 22 டிகிரிக்கு இறங்கும் காலம் அது. பொங்கல் முடிந்த வாரத்திலிருந்து மாசி நடுப்பகுதிக்குள் இலை வைத்துவிட்டால், கத்திரி தொடங்குவதற்குள் குட்டிகளுக்குச் சொந்த வேர் அமைந்துவிடும்.

இரவுச் சூட்டை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். சக்குலென்ட்கள் பகலில் மூடிவைத்து இரவில்தான் திறக்கும். ஈரத்தைச் சேமிக்க அவை கண்ட வழி இது. இரவு குளிர்ந்தால்தான் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். மே, ஜூன் மாதங்களில் இங்கே பல இரவுகளில் சூடு 27 டிகிரிக்குக் கீழே இறங்காது. மெக்சிகோவின் மலைப்பகுதிகளைச் சொந்த ஊராகக் கொண்ட எச்செவேரியா போன்றவை அப்போது வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். வளராத செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் அது வேரைச் சுற்றிச் சூடாகத் தேங்கி அழுகலில்தான் முடியும். ‘வெயில் தாங்கவில்லை’ என்று நாம் சொல்லும் பல சாவுகளுக்குக் காரணம், புழுக்கமான இரவில் ஈரமாக இருந்த மண்தான்.

ஆடி, ஆவணியில் மாலை இடிமழைக்கு இடையே இன்னொரு சிறு வாய்ப்பு உண்டு. கிராப்டோபெட்டலம் போன்ற கெட்டிச் செடிகளை அப்போது வைக்கலாம். புரட்டாசிக்குப் பிறகு புதிதாக எதையும் வைக்க வேண்டாம்.

எந்தச் செடி இலையில் வரும், எது வராது

முதல்முறை செய்பவர்கள் கிராப்டோபெட்டலம் பராகுவாயென்ஸில் தொடங்குங்கள். நர்சரிகளில் ‘கோஸ்ட் பிளான்ட்’ என்று கேட்டால் தருவார்கள். பெயரில் பராகுவே இருந்தாலும் இது மெக்சிகோ செடிதான். சாம்பல் கலந்த ரோஜா நிறம். கை பட்டாலே இலை உதிரும். உதிர்ந்த இலை கிடந்த இடத்திலேயே வேர் விடும். நம் வெக்கையை இந்தக் குடும்பத்தில் நன்றாகத் தாங்குவதும் இதுதான். இதையும் சீடம், எச்செவேரியா ஆகியவற்றையும் கலந்து உருவாக்கிய கலப்பினங்கள் அடுத்த படி. எச்செவேரியாவை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் இலை மேல் வெள்ளை மாவு அடர்ந்த ரகங்களைக் கை பழகிய பிறகு வாங்கலாம்.

ஜேட் இலையிலும் வரும், ஆனால் மெதுவாக. நம் நர்சரிகளில் ஜேட் என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி போர்ச்சுலக்கேரியா. செம்பழுப்புத் தண்டு, விரல்நகம் அளவு மெல்லிய இலை என்றால் அதுதான். அதன் இலையை வைத்துக் காத்திருப்பது வீண். 8 செ.மீ. தண்டு வெட்டி நடுங்கள், வந்துவிடும். உண்மையான ஜேட் இலை தடிமனாக, 3 செ.மீ.க்கு மேல் இருக்கும்.

சோற்றுக்கற்றாழை, அகேவ், அடினியம் ஆகியவற்றில் இலை வைத்துப் பயனில்லை. கற்றாழை இலை சில நேரம் பச்சையாகவே வாரக்கணக்கில் கிடக்கும், பிறகு அழுகும். கற்றாழைக்கும் அகேவுக்கும் பக்கக்கன்றைப் பிரித்து நடுவதுதான் வழி. முத்துமாலைச் செடி எனப்படும் ஸ்டிரிங் ஆஃப் பேர்ள்ஸுக்குத் தண்டுத் துண்டு வேண்டும்.

கலவையும் தட்டும்

இலை வைக்கும் தட்டுக்கு உரம் தேவையில்லை. இலைக்குள்ளேயே இரண்டு மூன்று மாதத்துக்கான உணவும் நீரும் இருக்கின்றன. மண்ணில் சத்து கூடினால் பூஞ்சாணம்தான் அதைச் சாப்பிடும். அளவு இவ்வளவே:

- கோக்கோபீட் (தென்னை நார்த்தூள்) 1 பங்கு
- சலித்த பருமணல் 2 பங்கு (2 முதல் 4 மி.மீ. குறுணை)
- பெர்லைட் (எடையில்லாத வெள்ளைக் குறுணை) அல்லது உடைத்த செங்கல் குறுணை 1 பங்கு

கோக்கோபீட்டில் உப்பு இருக்கும். 650 கிராம் கட்டியை 3 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழியுங்கள். நல்ல தண்ணீரில் இன்னும் இரண்டு முறை அலசிப் பிழியுங்கள். பிழிந்த தண்ணீர் தேநீர் நிறத்திலிருந்து வெளிறினால் போதும். கடற்கரை மணல் எந்த நிலையிலும் வேண்டாம். எத்தனை முறை அலசினாலும் அது நைசாகத்தான் இருக்கும், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆற்று மணல் என்றாலும் மாவு மணலைச் சலித்துத் தள்ளிவிட்டு, சல்லடை மேல் நிற்கும் குறுணையை மட்டும் எடுங்கள். செங்கல்லை உடைத்தால் தூளை ஊதிவிட்டு, பொரிகடலை அளவுத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு கை அள்ளி நனைத்து இறுக்கிப் பிடித்துத் திறங்கள். உருண்டையாக நின்றால் மணல் போதவில்லை. பிளந்து உதிர்ந்தால் சரி.

தட்டு 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம். பேக்கரியில் கேக் தரும் பிளாஸ்டிக் டப்பாவின் அடிப்பகுதி அருமையாகப் பொருந்தும். சூடான கம்பியால் அடியில் 3 செ.மீ.க்கு ஒன்றாகத் துளை போடுங்கள். மூடியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மூடிவைத்து ஈரம் கூட்டுவது வறண்ட ஊர்க்காரர்களின் உத்தி, நமக்கு ஆகாது.

தண்ணீர்

கடலை ஒட்டிய பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. வாளியின் விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டினால் அந்தத் தண்ணீர் இளம் வேருக்கு ஆகாது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனா இருந்தால் அளவு 300க்குள் இருப்பது நல்லது, 800ஐத் தாண்டினால் தொடவே வேண்டாம். ஆர்.ஓ. கழிவு நீர் அதைவிட மோசம். பிடித்துவைத்த மழைநீர் முதல் தரம். அது தீர்ந்தால் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். அதில் உப்பு கிடையாது. ஒரு தட்டுக்கு வாரம் அரை லிட்டர் இருந்தால் தாராளம்.

இலையை எடுப்பது

வெற்றியில் பாதி இந்த அரை நிமிடத்தில் தீர்மானமாகிறது.

தாய்ச்செடிக்கு ஐந்து நாள் தண்ணீர் நிறுத்துங்கள். நீர் நிரம்பிய இலை ‘டக்’கென்று நடுவில் ஒடியும், அழுகவும் செய்யும். அடுக்கில் கீழிருந்து இரண்டாவது, மூன்றாவது வரிசையில் இருக்கும் முற்றிய, கொழுத்த இலையாகத் தேர்ந்தெடுங்கள். அடிவரிசையில் சுருங்கத் தொடங்கியதும், நடுவிலுள்ள குருத்தும் வேண்டாம். ஒரு செடியிலிருந்து ஒரு தடவைக்கு நான்கைந்து இலைக்கு மேல் எடுக்காதீர்கள்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இலையின் நுனியில் இருக்கக்கூடாது. தண்டோடு சேரும் அடியில், தண்டைத் தொட்டபடி பிடியுங்கள். மேலே இழுக்காமல் இடமும் வலமும் மெல்ல அசையுங்கள். மூன்றாவது, நான்காவது அசைவில் ஒரு சின்னச் சத்தத்தோடு கழன்று வரும்.

கழன்ற இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். இலையின் அடி முழுதாக, விளிம்பு சிதையாமல், வெளிறிய அரைவட்டத் தழும்போடு இருக்க வேண்டும். அதன் நடுவில் ஊசி முனை அளவு ஒரு புள்ளி தெரியும். குட்டியாக மாறக்கூடிய உயிரணுக்கள் இந்த அடிவிளிம்பில்தான் இருக்கின்றன. பாதி அடி தண்டிலேயே ஒட்டிக்கொண்டு, இலையில் கிழிந்த தோலும் ஈரச் சதையும் தெரிந்தால் அதிலிருந்து வேர் வரலாம், குட்டி அநேகமாக வராது. அப்போதே கழித்துவிடுங்கள். கத்தியால் வெட்டி எடுத்த இலைக்கும் இதே கதிதான்.

எச்செவேரியாவில் அடி இலை கழலாமல் முரண்டு பிடித்தால் பூக்காம்பைப் பாருங்கள். அந்தக் காம்பில் வரிசையாக இருக்கும் சிறு இலைகள் தொட்டவுடன் சுத்தமாகக் கழலும், நன்றாகக் குட்டியும் விடும். செடியின் அழகும் கெடாது. பலர் வெட்டி எறியும் பூக்காம்பு இது.

காய வைப்பது

முட்டை அட்டை ஒன்றை எடுத்து, குழிக்கு ஒரு இலையாக வையுங்கள். ஒன்றோடொன்று தொடக்கூடாது; ஒன்று அழுகினால் பக்கத்து இலைக்கும் பரவும். நேர்வெயில் படாத, ஜன்னல் காற்று வரும் இடம். தை, மாசியில் மூன்று நாள் போதும். வானம் மூடியிருந்தால் ஐந்து, ஆறு நாள் ஆகும். தழும்பை நகத்தால் லேசாகத் தொட்டால் பிசுபிசுக்காமல் காய்ந்த பொருக்காக இருக்க வேண்டும். வீட்டுக்குள் காற்று நிற்கிறது என்றால் மேசை விசிறியைக் குறைந்த வேகத்தில், நேராகப் படாமல் ஓடவிடுங்கள்.

வேர் ஊக்கிப் பொடி வாங்க வேண்டியதில்லை. அது வேரைத் தூண்டும், குட்டியைத் தூண்டாது. நமக்குக் குட்டிதான் வேண்டும். மஞ்சள் தூள் தடவும் பழக்கத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் நன்றாகக் காய்ந்த தழும்புக்கு அதுவும் தேவைப்படாது.

தட்டில் வைப்பது முதல் வேர் வரை

1. கலவையை 3 முதல் 4 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். கலவை காய்ந்தே இருக்கட்டும்.
2. இலையின் குழிந்த பக்கம் மேலே பார்க்க, 2 செ.மீ. இடைவெளியில் படுக்க வையுங்கள். அடிமுனை கலவையைத் தொட்டால் போதும், புதைக்க வேண்டாம்.
3. ரகத்தின் பெயரையும் தேதியையும் ஐஸ்கிரீம் கரண்டியில் பென்சிலால் எழுதிச் செருகுங்கள். பேனா மை ஒரே மாதத்தில் வெளுத்துவிடும்.
4. புத்தகம் படிக்கும் அளவு வெளிச்சம் இருக்கும், நேர்வெயில் படாத இடம் தேடுங்கள். கிழக்குப் பார்த்த வராண்டா, அல்லது பாதி வெயிலைத் தடுக்கும் 50 சதவீதப் பச்சை வலைக்குக் கீழே மொட்டை மாடி. தளத்தின் மேல் நேராக வைக்காமல், செங்கல் அடுக்கிப் பலகை போட்டு 2 அடி உயரத்தில் வையுங்கள். தளம் இழுத்துவைத்த சூடு இரவெல்லாம் மேலேறிக்கொண்டே இருக்கும்.
5. வேர் கண்ணில் படும்வரை தண்ணீர் கிடையாது. தெளிப்பானையும் எடுக்க வேண்டாம்.

தட்டின் மேல் நைலான் வலை ஒன்று போர்த்துங்கள். நம் மாடிகளில் அணிலும் மைனாவும் இந்த இலைகளைக் கொத்திப் புரட்டிவிடும். புரண்ட இலையின் வேர் வெயிலில் ஒரே நாளில் கருகும்.

இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடியிலிருந்து இளஞ்சிவப்பு நூல்கள் எட்டிப்பார்க்கும். இங்கே காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வேர் பெரும்பாலும் மண்ணுக்குள் போகாமல் அந்தரத்தில் நீளும். அவை 5 மி.மீ. ஆனதும் அதே கலவையை ஒரு சிட்டிகை எடுத்து வேர் மறையும் அளவுக்கு மட்டும் தூவுங்கள். இதைச் செய்யத் தவறினால் நுனி காய்ந்து, அடுத்த வேர் வர மேலும் பல நாட்கள் போகும்.

முதல் தண்ணீர் இந்த நிலையில்தான். ஒரு பெரிய தட்டில் 1 செ.மீ. தண்ணீர் ஊற்றி, அதில் இலைத் தட்டைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். கலவையின் மேற்பரப்பு கறுத்ததும் எடுத்து வடியவிடுங்கள். காலை எட்டு மணிக்குள் முடித்தால் மாலைக்குள் மேற்பரப்பு காய்ந்துவிடும். மாசியில் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, பங்குனியில் மூன்று நாளுக்கு ஒருமுறை.

வேர் வந்து இரண்டு மூன்று வாரத்தில் கடுகளவு குட்டி தெரியும். சில இலைகளில் குட்டி முதலில் வந்து வேர் பின்னால் வரும், அதுவும் இயல்புதான். குட்டி 1 செ.மீ. ஆனதும் காலை எட்டரை வரைக்கும் இளவெயில் காட்டுங்கள். வெளிச்சம் குறைந்தால் குட்டியின் இலைகள் அடுக்காக நிற்காமல் இடைவெளி விட்டு நெட்டையாகப் போகும். நெட்டையானது திரும்பக் குறுகாது.

தவறினால் எங்கே தவறியது

இலை மஞ்சளித்து ஒளி ஊடுருவத் தொடங்கினால்: ஈரம் கூடிவிட்டது, அல்லது தழும்பு காயாமல் வைத்துவிட்டோம். காப்பாற்ற முடியாது. அதையும் அது தொட்ட கலவையையும் ஒரு கரண்டி அள்ளி எறியுங்கள்.

அடிமுனை கறுத்து, கறுப்பு மேலேறினால்: பூஞ்சாணம். அந்த இலையை நீக்கிவிட்டு, கார்பென்டசிம்–மான்கோசெப் கலப்புப் பூஞ்சாணக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தட்டின் மேல் ஒருமுறை தெளியுங்கள். கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள்.

இலை அழுகாமல் வற்றிச் சுருங்குகிறது, வேரும் இல்லை என்றால்: வெயில் பட்டிருக்கும், அல்லது இலை முதலிலேயே கிழடு.

வேர் அடர்ந்திருக்கிறது, குட்டியே இல்லை என்றால்: அடிவிளிம்பு சேதமாகியிருக்கலாம். இலை பச்சையாக இருக்கும்வரை மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள்.

இலை இடுக்கில் பஞ்சு போல் வெள்ளை தெரிந்தால்: மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டெடுங்கள், வாரம் ஒருமுறை மூன்று வாரம். எறும்பு வரிசை தெரிந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், பூச்சியைச் செடி விட்டுச் செடி கொண்டுபோவது அதுதான். வேப்பெண்ணெய் வெள்ளை மாவு படிந்த ரகங்களில் அந்த மாவையே அழித்துவிடும். மற்றவற்றுக்கு லிட்டருக்கு 5 மி.லி., சோப்புக் கரைசல் 2 மி.லி. சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

பத்து இலையில் இரண்டு மூன்று போவது எல்லோருக்கும் நடப்பது. ஏழெட்டு போனால் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

தொட்டிக்கு மாற்றுவது

தாய் இலை காகிதமாகச் சுருங்கி, தொட்டால் தானாகக் கழலும்வரை பிரிக்காதீர்கள். வலிந்து பிய்த்தால் வேரும் கூடவே வரும். குட்டி 2 செ.மீ. அகலம் ஆனதும் இரண்டரை இன்ச் மண்தொட்டி போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத இடமெல்லாம் ஈரம் தேங்கும். வில்லியனூர் சுடுமண்ணுக்குப் பேர் போன ஊர். மெருகு பூசாத, அடியில் துளையுள்ள சிறு தொட்டியாக வாங்குங்கள்; பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும், நம் காற்றுக்கு அது பெரிய உதவி.

தொட்டிக் கலவை: செம்மண் 1, நன்றாக மக்கிய மண்புழு உரம் 1, பருமணலும் செங்கல் குறுணையும் சேர்ந்து 3, மரக்கரி அரைப் பங்கு. இஸ்திரிக் கடையில் கிடைக்கும் உடைந்த கரியே போதும். தொட்டிக்கு அரைக் கரண்டி வேப்பம்பிண்ணாக்கு. நட்டபின் நான்கு நாள் தண்ணீர் இல்லாமல் நிழலில் வைத்து, பிறகு ஊற்றுங்கள். இரண்டு மாதம் கழித்து 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு அரை கிராம், மாதம் ஒருமுறை. வெயில் காலத்திலும் மழைக்காலத்திலும் உரம் வேண்டாம்.

கத்திரியும் மழையும்

கத்திரியில் தண்ணீர் நேரத்தை மாற்றுங்கள். காலையில் நனைத்த தொட்டி பகலெல்லாம் கொதிக்கும். சூரியன் இறங்கி, தளம் ஆறியபின் ஏழு மணிக்கு மேல், எட்டு நாளுக்கு ஒருமுறை. 50 சதவீத வலையை 75க்கு மாற்றுங்கள், அல்லது இரட்டை மடிப்பாகப் போடுங்கள். செடி சுருங்கியிருந்தாலும் தொட்டு உறுதியாக இருந்தால் அது ஓய்வில் இருக்கிறது.

மழைக்கு முன் புரட்டாசிக் கடைசிக்குள் எல்லாத் தொட்டிகளையும் கூரைக்கடியில் கொண்டுவந்துவிடுங்கள். மேலே மூடி, பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். தண்ணீர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தொடர்மழையில் அதுவும் இல்லை. ஐப்பசியில் பூஞ்சாணக்கொல்லி ஒரு தெளிப்பு. நத்தைகளை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் தயங்காமல் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையேதான் கரையேறியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட மழையில் எந்த வடிகால் கலவையும் தாங்காது. தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டிய பகுதிகளில் காற்றோடு உப்பும் வரும். வெளியே மாட்டிக்கொண்ட செடிகளைப் புயல் கடந்ததும் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, விசிறிக் காற்றில் உலரவிடுங்கள்.

வேறு முறை வேண்டும் சில செடிகள்

ரணகள்ளிக்கு இந்தக் கவலைகள் கிடையாது. இலையை எங்கே போட்டாலும் விளிம்பின் ஒவ்வொரு வெட்டிலிருந்தும் குட்டி வரும். அதனால்தான் கவனம் வேண்டும்: கழித்த இலைகளைக் காலி மனையில் எறியாதீர்கள். பரவிவிடும், மேயும் ஆடு மாடுகளுக்கு அது நஞ்சு.

ஹவோர்த்தியா இலையைத் தண்டின் ஒரு சிறு துணுக்கோடு சேர்த்து எடுக்க வேண்டும். காஸ்டீரியா சுலபம், ஆனால் குட்டிக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும்.

பாம்புச் செடி எனப்படும் சான்சிவேரியாவுக்கு மட்டும் கத்தி தேவை. நம் கடற்கரையின் சொந்த மருளும் இதன் உறவுச் செடிதான். முற்றிய இலையை 6 முதல் 8 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். எந்தப் பக்கம் அடி என்று மறந்துபோனால் தலைகீழாக நட்டுவிடுவோம், தலைகீழ்த் துண்டு வேர் விடாது. அதற்காக அடிப்பக்கத்தை மட்டும் ‘வி’ வடிவில் வெட்டிவிடுங்கள். மூன்று நாள் காயவைத்து, 2 செ.மீ. ஆழத்தில் செங்குத்தாக நடுங்கள். வேருக்கு ஆறு வாரம், குட்டிக்கு நான்கு மாதத்துக்கு மேலும் ஆகலாம். விளிம்பில் மஞ்சள் கோடுள்ள ரகத்தை இப்படிச் செய்தால் வரும் குட்டி முழுப் பச்சையாகத்தான் இருக்கும். மஞ்சள் கோடு வேண்டுமென்றால் வேர்க்கிழங்கோடு பக்கக்கன்றைப் பிரித்து நடுங்கள்.